கோளத்தின் சிக்கனம்

திருப்பூர்ச் சாயப்பட்டறையில், பாலியெஸ்டர் துணியை ஏறக்குறைய 130 பாகை வெப்பத்தில், அழுத்தத்தோடு அடைத்துச் சாயமேற்றும் எஃகு யந்திரத்தின் வட்டக் கண்ணாடி வழியே, துணி ஓயாமல் சுற்றிவருவதைப் பார்த்து நிற்கிறவருக்கு, சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் மூவர் பிரயாணத்துக்கென உருவாக்கிவரும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கியின் சூட்சுமம் பாதி விளங்கிவிடும். பட்டறை யந்திரம் உள்ளிருந்து தள்ளும் சக்தியைத் தாங்குகிறது. மத்ஸ்யாவில் ஆட்கள் அமரும் கோளமோ, பத்து மீட்டருக்கு ஒரு வாயுமண்டலம் வீதம் ஏறி, 6000 மீட்டரில் அறுநூறாகி வெளியிலிருந்து நெருக்கும் சமுத்திரத்தைத் தாங்கவேண்டும். அதற்கென 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் கனமுமாக வகுக்கப்பட்ட டைட்டானியக் கலவைக் கோளத்தில் நான் பெரிதும் ரசிப்பது, மூலை என ஒன்றில்லாமையால் பாரம் ஓரிடத்திலும் குவியாமல் சர்வ திசைகளிலும் சமமாகப் பகிரப்படும் அந்தச் சிக்கனத்தைத்தான். உருளையாகச் செய்தால் கால் நீட்டி உட்காரலாம். ஆனால் சுவர் ஏறத்தாழ இருமடங்கு கனக்கவேண்டும். மேல்நாடுகளில் சொந்தக் கொட்டகையிலேயே ஒருவருக்கான நீர்மூழ்கியைப் பற்றவைத்துக் கட்டும் ஆர்வலர்கள், நூறு மீட்டர் அளவான ஆழத்திலேயே திருப்தியடைவதால், பெரும்பாலும் உருளையைத்தான் நாடுகிறார்கள். வளைத்துப் பற்றவைக்க அதுவே சுலபமாதலால், அந்தத் தேர்வில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை.