மூக்கால் தேட வேண்டிய பூ

மல்லிகைப் புதர் தூரத்திலேயே வெள்ளையாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். மனோரஞ்சிதம் அப்படியில்லை. செடிக்கு நேர் முன்னால் நின்றாலும் பூ கண்ணில் படாது. பளபளக்கும் இலைகளுக்கு நடுவே அதே பச்சையில், ஆறு தடித்த இதழ்களோடு தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது மணமும் பெயருக்குத்தான். பச்சை வெளிறி மஞ்சள் ஏறும்போதுதான் வாசனை கிளம்பும். அன்று மாலை காற்றும் இருந்துவிட்டால், யார் வீட்டில் பலாப்பழம் அறுக்கிறார்கள் என்று தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்கு அது பலா. இன்னொருவருக்கு வாழை, வேறொருவருக்கு அன்னாசி. எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்த மணத்தைத் தரும் பூ என்று பெரியவர்கள் சொல்வதை நான் கேலி செய்வதில்லை. சீத்தாப்பழத்தின் குடும்பத்துச் செடி இது. பழவாசனை வைத்திருப்பது நமக்காக அல்ல, சிறு வண்டுகளை வரவழைக்க. உள்வரிசை இதழ்கள் மூன்றும் அடியில் நெருங்கி, சூலகத்தையும் மகரந்தத்தையும் மூடிய சிற்றறையாகக் கவிந்திருக்கும். வண்டு அதற்குள் நுழைய வேண்டும். ஒரே பூவில் சூலகம் முதலில் பக்குவப்படும், மகரந்தம் அதற்குப் பிறகு.

தென்னிந்தியாவும் இலங்கையும் இதற்குத் தாய்மண். இதைத் தொட்டியில் அடைப்பது பாவம் என்பேன். இளமையில் புதராக நிற்கும். வயதானால் நீண்ட கிளைகளை வீசிக் கொடியாகப் பார்க்கும். பூக்காம்பே வளைந்து, கட்டையாக இறுகி, கொக்கியாகிவிடுகிறது. அந்தக் கொக்கியால்தான் பக்கத்து மரத்தைப் பற்றி ஏறுகிறது, பூப்பதும் அதிலேயே. ஆகவே மாதம் ஒருமுறை கத்தரி எடுத்து வேலிபோல மழித்துவிடுகிறவர்களுக்கு இலை மட்டுமே மிஞ்சும். பூத்து ஓய்ந்தபின் எல்லை மீறிய கிளைகளை மட்டும் கழித்தால் போதும், வருடம் முழுக்கப் பசுமை குறையாத பெரும்புதராக நிற்கும். விதை முளைக்கச் சோம்பும்; பதியன் போடுவது மேல். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. அரைநிழலிலும் வளரும், ஆனால் வெயில் பட்டால்தான் பூ கூடும்.

பாம்பு வரும் என்று பயந்து இதை வெட்டிய வீடுகள் உண்டு. பாம்புக்குப் பூவாசனையில் என்ன வேலை? அடர்ந்த புதருக்கடியில் தவளையும் எலியும் இருந்தால் அது வரும். சருகைக் கூட்டி அடியைத் திறந்து வைத்தால் அந்தக் கவலை குறையும்.

சரம் தொடுக்க இந்தப் பூ ஏற்றதல்ல, தேவையுமில்லை. பட்டுப்புடவை மடிப்பில் ஒன்று, தலையில் ஒன்று. அதற்கு மேல் சூடினால் தலைவலிதான். நடுகிறவர்கள் படுக்கையறை ஜன்னலை ஒட்டி வைக்காமல், பத்தடி தள்ளி, மாலைக் காற்று வருகிற பக்கமாக வைக்கட்டும்.