கண்ணாடியும் குடமும்

சுய விசாரணை என்ற சொல் நம் வட்டத்தில் செலாவணியாகிப் பல காலம் ஆகிறது. ஒரு கவிதையில் 'நான்' நாலு தடவை வந்து, ஜன்னலும் மின்விசிறியும் காலி நாற்காலியும் இருந்துவிட்டால் அது உள்முகமான கவிதை. அன்றாடத்திலிருந்து ஒரு தரிசனமும் கிடைத்துவிட்டதாக நம்பிவிடுகிறோம். எனக்கு இதில் சந்தேகம் உண்டு.

இந்தப் போக்குக்கு நகுலனின் 'நினைவுப் பாதை'யை (1972) முன்னோடியாகச் சொல்வது தவறான வாசிப்பு. நவீனன் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப் பார்க்கிறவன் மீதும் அங்கே நம்பிக்கை இல்லை. பின்வந்தவர்கள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்த அவநம்பிக்கையை விட்டுவிட்டார்கள்.

இதற்கு மாறான ஒரு வழி அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் இருக்கிறது. 1971ல் 'கணையாழி'யில் தொடராக வந்து, 1973ல் புத்தகமானது. ஜமுனா சினிமா ஆசையில் பாஸ்கர்ராவிடம் சிக்கிக்கொண்டவள். தங்கை சாயாவின் கோபத்துக்கும் ஆளானவள். தன்னைப் பற்றி நினைத்து வருந்த அவளுக்குக் காரணங்கள் நிறைய. வருந்தவும் செய்கிறாள். அந்த வருத்தம் சுற்றிச் சுற்றி வருகிறதே தவிர, அவளை எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை. சுய இரக்கத்தை சுய விசாரணை என்று நாம் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான்.

டீச்சரம்மாவிடம் நோயாளிக் கணவன், மாமியார், பள்ளிக்கூட வேலை, இவற்றுக்கு நடுவே தண்ணீருக்கான அலைச்சல் எல்லாம் இருக்கின்றன. அவள் தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். ஜமுனாவின் பிரச்னைக்கு அதில் விடை கிடையாது. ஆனால் தன் துக்கத்தின் அளவு என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் தெளிவடைந்துவிட்டாள் என்று ஆசிரியர் தண்டோரா போடுவதில்லை. பாஸ்கர்ராவ் திரும்பவும் வந்து கூப்பிடும்போது அவள் போகவில்லை என்பதிலிருந்து நாம் அதைத் தெரிந்துகொள்கிறோம்.

தண்ணீரை இங்கே குறியீடு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. அது முதலில் தண்ணீர். குடத்தில் கனக்கிற தண்ணீர். அன்றாடத்தை ஏணியாக்கி ஏறிப் போகிறவனுக்கு அன்றாடம் எதையும் தருவதில்லை. ஜமுனா குடத்தைப் பார்த்தாள். அதைத் தூக்குகிற இன்னொருத்தியைப் பார்த்தாள். தன்னைப் பற்றிய அறிவு அந்தப் பார்வையின் உபவிளைவாக வந்தது. நேராகத் தேடியிருந்தால் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இதை உபதேசமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 11 வருஷம் டயரி எழுதியவன் நான். சமீபத்தில் அவற்றை எடுத்துப் படித்தேன். என்றோ ஒருநாள் படிக்கப்போகும் ஒரு ரசிகனுக்காக ஜோடித்த வாக்கியங்கள். தனிமை, வெறுமை எல்லாம் தாராளமாக இருக்கின்றன. அந்த வருஷங்களில்தான் அடுத்த அறையில் என் அம்மாவின் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. என்னைப் பற்றி அந்த டயரிகள் சொல்லும் ஒரே உண்மை அதுதான்.

நம் கவிதைகளையும் இப்படி ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அந்த 'நான்' உட்கார்ந்திருக்கும் அறைக்கு வெளியே யாராவது நடமாடுகிற சத்தம் கேட்கிறதா?