மங்கும் முக்கூட்டுக் களிம்பும்

நடுவயதுப் பெண்களின் கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டின் மீதும் பழுப்பாய்ப் படரும் மங்கு, உயிருக்கு ஆபத்து விளைவிக்காத வியாதியேயாயினும், கண்ணாடியைப் பார்க்குந்தோறும் மனத்தை வருத்துவதாதலின், சாதிக்காயை இழைத்துப் பூசுவது முதல் லேசர் பாய்ச்சுவது வரை அதற்கு நம்மவர் செய்து பாராத சிகிச்சை இல்லை. அவற்றுள் மிக்க வலிமையும் மிக்க விபரீதமும் ஒருங்கே பொருந்தியது ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த முக்கூட்டுக் களிம்பே என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்கச் சரும வைத்தியர் கிளிக்மன், வில்லிஸ் என்பாருடன் சேர்ந்து 1975-இல் வெளியிட்ட சூத்திரமே இதற்கு மூலம். மெலனின் என்னும் நிறமி உண்டாவதற்கு இன்றியமையாத டைரோசினேஸ் நொதியை ஹைட்ரோகுவினோன் தடுக்கிறது. ட்ரெட்டினாயின் மேல்தோலை விரைந்து உதிரச் செய்து, மருந்து உள்ளே இறங்கவும் வழிவிடுகிறது. இவ்விரண்டும் கிளப்பும் எரிச்சலை ஸ்டீராய்டு அடக்குகிறது. ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் இவ்வமைப்பின் சாமர்த்தியத்தை மெச்சாமலிருக்க முடியாது. சில வாரங்களிலேயே கறை வெளிறுவதைக் கண்டு பூரித்தவர் பலர்.

ஆயினும், எரிச்சலை அடக்கும் அந்த ஸ்டீராய்டுதான் பின்னால் வினையாகிறது. மொமெட்டசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்த குழாய்கள், சீட்டுக் கேளாத மருந்துக்கடைகளில் முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம் என்றே கைமாறுகின்றன. அதை மாதக்கணக்கில் பூசியவளின் தோல் மெலிந்து, கன்னத்தில் செந்நூல் போல் இரத்த நாளங்கள் தெரிய, பருவும் ரோமமும் அரும்ப, பூச்சை நிறுத்தினாலோ முகம் சிவந்து எரிய, அவ்வெரிச்சல் தாளாமல் அவள் அதே குழாயையே மறுபடியும் நாடுகிறாள். ஹைட்ரோகுவினோனை நெடுங்காலம் பூசினால் சிலருக்கு நீலங்கலந்த கருமை நிலைத்துவிடுவதும் உண்டு. ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றைச் சீட்டின்றி விற்கலாகாதென மத்திய சர்க்கார் 2018-இல் விதித்தும், கடைக்காரரை வைத்தியராக்கும் வழக்கம் ஒழியாதது வேதனைக்குரியது.

மேலும், மங்குக்குத் துணைபோகும் வெயிலையோ, கர்ப்பகால ஹார்மோன் மாறுதலையோ, கருத்தடை மாத்திரையையோ இக்களிம்பு தீண்டுவதில்லை. ஆகையால் நிறுத்தியதும் கறை திரும்புவது சகஜம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் கறையை வளர்ப்பதால், இரும்பு ஆக்ஸைடு கலந்த, நிறமேறிய சன்ஸ்கிரீனைப் பகலில் பூசாதவருக்கு எந்த ஔஷதமும் நெடுநாள் உதவாது. மெதுவாய் வேலை செய்யும் அசெலாயிக் அமிலத்தை நம்மவர் பொறுமையின்மையால் ஒதுக்குகிறார்கள். ஸ்டீராய்டின் கேடுகள் அதற்கு இல்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வைத்தியர் பார்வையில், இரவில் மட்டும், சில வாரங்கள் பூசி நிறுத்தத்தக்க மருந்து முக்கூட்டுக் களிம்பு. வீட்டிலுள்ள குழாயில் மொமெட்டசோன், பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்னும் ஸ்டீராய்டுப் பெயர்களுள் ஒன்று அச்சாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்து, மாதக்கணக்கில் பூசியும் வந்திருந்தால், அக்குழாயையே கையிலெடுத்துக்கொண்டு சரும வைத்தியரிடம் செல்லுங்கள்.