யாருக்குப் பழகாத மீன்?

போன மாதம் உறையூர் காசிவிளங்கி மீன் மார்க்கெட்டில் அரைக்கிலோ ஆரல் வாங்கினேன். தென்னூர் வீட்டுக்குக் கொண்டுவந்து பாத்திரத்தில் கொட்டினால் பாதி உயிரோடு நெளிகிறது. கையில் நிற்கவில்லை. வழுக்கி ஓடுகிறது. இறுக்கிப் பிடித்தால் முதுகு முள் விரலைக் கிழிக்கிறது. நான் பிறந்தது லால்குடிப் பக்கம் ஒரு சேரியில். ஆரல் தின்று வளர்ந்தவள். இன்று ஆரல் ஆயத் தெரியாமல் நின்றேன். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஆரலா? ஏண்டி, அது ஒங்க வீட்ல நாறுமே" என்றது அம்மா.

அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழகாத மீனையும் வீட்டில் சமைத்துப் பாருங்கள் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். கடல் பாதுகாப்பு ஆய்வாளர் திவ்யா கர்னாட் தொடங்கிய 'இன்சீசன் பிஷ்' போன்ற முயற்சிகள் இதைப் பிரச்சாரமாகவே செய்கின்றன. எல்லாரும் வஞ்சிரம், வவ்வால் என்று நாலு மீனையே கேட்டால் அந்த நாலும் அழியும். அந்தந்தப் பருவத்தில் எது கிடைக்கிறதோ அதை வாங்கு என்பது வாதம். நியாயமான வாதம்தான். இழுவலையில் அகப்படும் சின்ன மீன்களைச் 'சங்காயம்' என்று ஒதுக்கிக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். மனுசன் தின்னக்கூடிய மீனும் அதோடு சேர்ந்து போகிறது. இதில் எனக்குச் சண்டை இல்லை. எனக்குச் சண்டை 'பழகாத' என்கிற அந்தச் சொல்லோடுதான். யாருக்குப் பழகாத மீன்? காரலும் சாளையும் கிளாத்தியும் கடற்கரைக் குப்பத்துக்குப் பழகாதவையா? குரவையும் ஆரலும் கெளுத்தியும் காவிரிப் பாசனத்துச் சேரிகளுக்குப் பழகாதவையா? வாங்கித் தின்னாதவருடைய அறியாமை மீனின் குணமாக மாறிவிடுகிறது. பொதுப்புத்தி வேலை செய்கிற விதம் இதுதான்.

இந்த அறியாமையை நான் முதலில் சந்தித்தது சமையல் குறிப்பில் அல்ல, எம்.ஏ. தமிழ் வகுப்பில். ஐங்குறுநூற்று மருதத்தில் பாண்மகள் மீன் விற்க வருகிறாள். 47, 48, 49ஆம் பாடல்கள். கெடிறு கொடுத்துப் பயறு வாங்குகிறாள். வரால் கொடுத்துப் பழைய நெல் வாங்குகிறாள். கொஞ்சம் மீன் கொடுத்து நிறைய நெல் வாங்குகிறாள். வகுப்பில் என்ன சொன்னார்கள்? உள்ளுறை சொன்னார்கள். தலைவனின் பரத்தமை சொன்னார்கள். கெடிறு என்றால் என்ன என்று கேட்டேன். "மீன்வகை" என்றார் பேராசிரியர். அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

அவர் மேல் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியைப் புரட்டிப் பாருங்கள். பல மீன் பெயர்களுக்குத் தமிழில் கிடைக்கும் பொருள் 'மீன்வகை' என்ற ஒற்றைச் சொல்தான். நிறம், அளவு, லத்தீன் பெயர் எல்லாம் இங்கிலீசில் இருக்கும். தமிழ் படிக்கிறவனுக்கு மீன் தெரியவேண்டிய அவசியமில்லை என்று யார் முடிவு செய்தது?

அன்று இரவு ஊருக்குப் போய் அம்மாவிடம் கெடிறு பற்றிச் சொன்னேன். கன்னத்து முள் குத்தும், மீசை இருக்கும் என்று உரை சொல்வதைப் படித்துக் காட்டினேன். "நம்ம கெளுத்திடி அது" என்றது. "மொதல்ல ரெண்டு பக்கத்து முள்ளையும் முறிச்சுப் போடணும். குத்துனா ராத்திரி பூரா கடுக்கும்." உரையாசிரியன் விட்ட இடத்திலிருந்து எங்கம்மா தொடங்கியது. அதற்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

மருதத்தின் சங்கதி இதோடு முடியவில்லை. பாணர் என்றால் யாழோடு வள்ளலைத் தேடிப் போகிற கலைஞர் என்றே நமக்குப் பாடம். வலை வீசி, மீன் பிடித்து, தெருவில் கூவி விற்ற பாணர் பாடத்தில் இல்லை. புறநானூறு 335ஆம் பாட்டு துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் சேர்த்து நான்கு குடி என்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வழி கேட்டுப் போகிற பாணனுக்கு வலைஞர் குடியில் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கின்றன. கோழியும் நாயும் அண்டாத பார்ப்பனர் வீட்டில் சோறும் மாதுளங்காய்ப் பொரியலும் மாவடுவும் கிடைக்கின்றன. அந்த வாசலில் மீன் இல்லை, இந்த வாசலில் மாவடு இல்லை. ஆனால் இரண்டு வாசலையும் ஒரே பாட்டு ஒரே குரலில் சொல்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லவில்லை.

மூக்கைப் பொத்துகிற காலம் பிறகு வந்தது. அதற்குச் சாட்சி நம்மூரிலேயே இருக்கிறது. தென்னூரை ஒட்டிய உறையூர்தான் திருப்பாணாழ்வார் ஊர். பாணர் குலம் என்பதால் காவிரியைத் தாண்டி அரங்கத்துக்குள் போகாமல் தென்கரையில் நின்று பாடினார், வழியில் நின்றவர் மேல் லோகசாரங்க முனிவர் கல்லெறிந்தார், பிறகு தோளில் சுமந்து போனார் என்று கதை. அதே கதை அவரை வயலில் கிடைத்த குழந்தை, பாணர் எடுத்து வளர்த்தார்கள் என்றும் சொல்கிறது. பாணச்சி வயிற்றில் பிறந்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. ஐங்குறுநூற்றில் மருத நிலத்து வீட்டு வாசலுக்குக் கூடையோடு வந்த பாண்மகளின் பெயரைத் தாங்கிய ஒருவர் ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்டார். இடையில் சில நூற்றாண்டுகள். அந்த நூற்றாண்டுகளில் என்ன நடந்தது என்பதுதான் தமிழ் இலக்கிய வரலாறு நமக்குச் சொல்லவேண்டியது.

அச்சில் வந்த சமையல் புத்தகங்களுக்கு வருவோம். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. முழுக்கச் சைவம். அது அவர் குற்றமில்லை. தன் வீட்டு அடுப்பை அவர் நேர்மையாக எழுதினார். ஆனால் ஒரு வீட்டு அடுப்பு தமிழ்நாட்டுச் சமையலாக உயர்ந்தபோது மற்ற அடுப்புகளுக்கு வந்த பெயர் 'அசைவம்'. சைவம் இல்லாதது. நம்மைப் போலவே இல்லாததைக் கொண்டு பெயர் வைக்கப்பட்ட உணவு. பிறகு வந்த அசைவப் புத்தகங்களோ முள்ளில்லாத வஞ்சிரத் துண்டைத் தட்டில் வைத்துப் படம் போட்டன. கெளுத்தி முள் முறிப்பதை அவற்றில் நான் பார்த்ததில்லை. மராத்தியில் சாகு பட்டோலே 2015இல் தலித் சமையலை ஒரு முழு நூலாக எழுதினார். அதுபோல் நம் அடுப்பை நாம் எழுதுவது எப்போது?

உண்மையிலேயே யாருக்கும் பழகாத மீன் ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. ஜிலேபி. ஆப்பிரிக்க மீன், இலங்கை வழியாக 1952இல் கொண்டுவந்து குளங்களில் விட்டார்கள். வேகமாகப் பெருகி மற்ற மீன்களை நெருக்கியது. சேத்து வாடை அடிக்கும் என்று வசதியானவர்கள் ஒதுக்கினார்கள். விலை மலிவு, அதனால் நம் தெருவுக்கு வந்தது. வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலை உரித்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலசி, புளித் தண்ணியில் ஊறவைத்தால் வாடை போகும். இதைக் கண்டுபிடித்தது எந்தச் சமையல் கலைஞரும் இல்லை. அடுப்படியில் நின்ற கூலிக்காரப் பெண்கள். பழகாத மீனைப் பழக்கிக்கொள்வது அவர்களுக்குப் பொழுதுபோக்கில்லை. வேறு வழியில்லை.

வயலில் பூச்சிமருந்து வந்தபின் ஆரலும் அயிரையும் குறைந்தன. கண்மாயில் மீன்பாசி ஏலம் விட்டார்கள்; ஏலத்தில் நம் ஆட்கள் வாய் திறக்க முடியாத ஊர்கள் எத்தனை. தென்னூரை ஒட்டி ஓடும் உய்யக்கொண்டானில் சாக்கடை கலந்தது. அறிவு மட்டும் மறக்கப்படவில்லை தோழர்களே, மீனும் பறிக்கப்பட்டது.

இதையெல்லாம் எழுதுகிற நான் யோக்கியமா? எட்டு வருசத்துக்கு முன்னால் தென்னூரில் வாடகைக்கு வீடு பார்த்தபோது வீட்டுக்காரர் சாதியை நேராகக் கேட்கவில்லை. "நான்வெஜ் அதிகமா செய்வீங்களா?" என்றார். "எப்பவாவதுதான் சார்" என்றேன். அந்தப் பொய்க்குத்தான் வீடு கிடைத்தது. அடுத்த மாதம் அம்மா தூக்குவாளியில் ஆரலோடு வந்தது. கதவைச் சாத்தினேன், சன்னலைச் சாத்தினேன், ஊதுபத்தி கொளுத்தினேன். "இதெல்லாம் இனிமே எடுத்துட்டு வராதம்மா, நாறுது" என்றேன். கூட்டத்தில் சாதி ஒழிப்புப் பேசிவிட்டு வந்த அதே வாயால் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு கொண்டுவரவும் இல்லை. தோழர்கள் வந்தால் வஞ்சிரம் வாங்கினேன். ஆரல் எனக்குப் பழகாத மீன் ஆனது இப்படித்தான். நானே ஆக்கினேன்.

போன மாதம் போனில் அம்மா அந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுத்தது. நான் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதுவே சொன்னது: "சாம்பல் இருக்கா? இல்லன்னா கல்லுப்பு போடு. சட்டிய மூடி வையி, அடங்கும். அப்புறம் சொரசொரப்பா இருக்குற தரையில தேயி. வழுவழுப்பு போயி வெள்ளையா வரணும். தலையக் கிள்ளிப் போட்டுரு."

வீட்டுக்குள் சொரசொரப்பான தரை இல்லை, எல்லாம் டைல்ஸ். பின்வாசல் சிமெண்ட் படி இருக்கிறது. வீட்டுக்காரர் சன்னலுக்கு நேர் கீழே. அங்கேதான் உட்கார்ந்து தேய்த்தேன். கதவைச் சாத்தவில்லை. ஊதுபத்தி கொளுத்தவில்லை. சன்னலில் ஆள் நின்றது தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை, குனிந்து ஒளியவும் இல்லை.

புதிய மீனைச் சமைத்துப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அதை ஆயக் கற்றுக் கொடுத்தவள் யார், எந்தத் தெரு என்றும் சேர்த்து எழுதட்டும். தமிழ்த்துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் 'மீன்வகை' என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு கோடு போட்டு, வீட்டில் கேட்டு நிரப்பட்டும். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்கவேண்டும்.

குழம்பு அம்மா வைக்கிற மாதிரி வரவில்லை. புளி கூடிவிட்டது. அடுத்த வாரம் மறுபடி வாங்குவேன். அம்மாவையும் வரச்சொல்லியிருக்கிறேன்.