கண்ணகியின் தன்னறிமுகங்கள்

சிலப்பதிகார ஆய்வுகளில் கண்ணகி பெரும்பாலும் பத்தினி என்னும் ஒரு சொல்லாலேயே சுட்டப்படுகிறாள். மகள், மனைவி, கணவனை இழந்தவள், தெய்வம் என அவள் நிலைகள் மாறினும் கற்பு ஒன்றே அவற்றை இணைப்பதாகக் கொள்வர். பிறர் அவளைப் பற்றிக் கூறுவனவற்றையும் அவள் தன்னைப் பற்றிக் கூறுவனவற்றையும் பிரித்து நோக்கின், இக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியதாகிறது.

பிறர் கூறும் அடையாளம்

மங்கலவாழ்த்துப் பாடலில் கண்ணகி மாநாய்கன் மகளாக, 12 அகவையினளாக அறிமுகமாகிறாள். அங்கு அவள் பேசுவதில்லை. வேட்டுவ வரியில் தெய்வமுற்ற சாலினி அவளைக் கொங்கு நாட்டிற்கும் குடமலைக்கும் உரியவள் எனப் போற்றுகிறாள். கண்ணகியோ அம்முதியவள் மயங்கி உரைத்தாள் எனக் கூறிக் கணவன் முதுகுப்புறம் ஒதுங்கி நிற்கிறாள். தனக்குத் தரப்பட்ட பெருமையை அவள் அன்று ஏற்கவில்லை.

அவள் கூறும் அடையாளம்

வழக்குரை காதையில் தன்னைக் கணவனைப் பறிகொடுத்தவள் என்றே அரசனுக்கு அறிவிக்குமாறு வாயிலோனிடம் கூறுகிறாள். யாரென அரசன் வினவியதும் விடை விரிகிறது. சோழரின் நீதிமரபு, புகார் நகர், மாசாத்துவான் குடி, கோவலன் மனைவி என்னும் உறவு ஆகியவற்றை அடுக்கி இறுதியில் தன் பெயரைக் கூறுகிறாள். தந்தையின் பெயர் இடம்பெறவில்லை. கணவனுக்காக வழக்காடுபவளுக்கு மனைவி என்னும் உறவே உரிமை தருகிறது என்பது இதன் காரணம் எனலாம். வஞ்சின மாலையில் புகார்ப் பத்தினிப் பெண்டிர் வரிசையில் தன்னை நிறுத்துகிறாள். குன்றக்குரவையில் குறவர் வினவும்போதோ மதுரையில் கணவனை இழந்த தீவினையாட்டி என்பதே விடை. பெயர், ஊர், குடி அனைத்தும் உதிர்ந்துவிடுகின்றன.

பாண்டியன் மகள்

வாழ்த்துக் காதையில் தேவந்தி, காவற்பெண்டு, அடித்தோழி ஆகியோர் செங்குட்டுவன்முன் கண்ணகியின் உறவைக் கொண்டே தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கின்றனர். அடுத்துத் தோன்றும் கண்ணகி, பாண்டியன் தீதற்றவன் என்றும் தான் அவன் மகள் என்றும் கூறுகிறாள். மாநாய்கன் ஆசீவகர்முன் அறம் கொண்ட செய்தி நீர்ப்படைக் காதையிலேயே வந்துவிடுகிறது. மகள் என்னும் முதல் நிலை இங்கு மீண்டும் வருகிறது. ஆனால் இது பிறப்பால் வாய்த்தது அன்று. தன் பிழையை உணர்ந்த கணமே உயிர்நீத்த அரசனை அவளே தந்தையாகத் தெரிந்துகொள்கிறாள்.

வஞ்சிக் காண்டத்தைப் பிற்சேர்க்கை என்பாரும் உளர். அங்ஙனமாயின் இம்மாற்றத்தைப் பாத்திர வளர்ச்சியாகக் கொள்ளாமல் வேறொரு புலவரின் நோக்காகக் கொள்ளவேண்டியிருக்கும். ஆயினும் சாலினி சுட்டிய மலைத்தொடர்பை, முருகன் குன்றை விட்டு நீங்கேன் என்று வாழ்த்துக் காதையில் கண்ணகியே ஏற்பது நோக்கத்தக்கது. ஆசிரியர் ஒருவரே என்பதற்கு இது சான்றாகாது. இரு காண்டங்களையும் இணைத்துப் படிப்பதற்கு இது போதும்.

முடிவுரை

பத்தினி என்னும் சொல் கண்ணகிக்குப் பொருந்தாதது அன்று. வஞ்சினத்தில் அவளே அதைக் கையாள்கிறாள். எனினும் அது அவள் தந்த விடைகளுள் ஒன்றே. அரசனுக்கு ஒரு விடையும் குறவர்க்கு வேறொரு விடையும் தந்தவள், யாரும் வினவாத இடத்தில் தன்னை மகள் என்கிறாள். பகைவனைத் தந்தையாக ஏற்கும் அவ்விடத்தைக் கற்பு ஒன்றனால் மட்டும் விளக்குதல் இயலாது.