சிவப்புக் குக்கரும் நீல மழையும்

பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ படத்தில் மும்பை மழையின் நீலம் ஜன்னல், ரயில் பெட்டி, உலராத துணி என எல்லாவற்றிலும் ஊறிக் கிடக்கிறது. ரணபீர் தாஸின் கேமராவுக்கு அவசரமே இல்லை. ஒரே வீட்டில் தங்கியிருக்கும் இரு பெண்களில் இளையவள் அனுவும் அவள் காதலன் ஷியாஸும் அத்தனை கூட்டத்தில் ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் தேடி அலைகிறார்கள். மூத்தவள் பிரபா, நர்ஸ். ஜெர்மனிக்குப் போன கணவனிடமிருந்து பேச்சே இல்லை. ஒருநாள் பார்சலில் சிவப்பு ரைஸ் குக்கர் மட்டும் வருகிறது; கூட ஒரு வரிக் கடிதம்கூட இல்லை. இரவில் தனியாக உட்கார்ந்து அதைக் கட்டிக்கொள்கிறாள். வசனமே இல்லாத அந்தக் காட்சியைப் பிரபாவாக வரும் கனி குஸ்ருதி உடம்பாலேயே பேசிவிடுகிறார்.

வெளிநாட்டுப் போனுக்குக் காத்திருந்து பழகிய அறந்தாங்கிப் பக்கத்து வீடுகளுக்கு இந்தக் குக்கரை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2024 கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கிய படம். பரபரப்பை எதிர்பார்க்காமல் உட்காருங்கள்; பிடித்துப்போகும்.