எகில்ஸ்டன் மாளிகையின் பாடத்திட்டம்

மரியாதை கற்றுத்தருவதாகச் சொல்லிக்கொண்டு வரும் நிகழ்ச்சியை, அது எவ்வளவு சுவாரசியம் என்பதை வைத்து எடைபோட்டால் போதாது. தன் மாணவர்களிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்றும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் ஐடிவி 2005-இல் ஒளிபரப்பத் தொடங்கிய ‘லேடெட் டு லேடி’ தொடரை அப்படித்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

‘லேடெட்’ என்பது 1990-களில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் குத்திய முத்திரை. இளைஞர்களுக்கு ஈடாகக் குடித்து, உரக்கச் சிரித்து, வாய்க்கு வந்ததைப் பேசும் இளம்பெண்களை அப்படி அழைத்தார்கள். அத்தகைய பெண்கள் சிலரைப் பொறுக்கியெடுத்து, வட இங்கிலாந்தின் டரம் வட்டாரத்தில் இருக்கும் எகில்ஸ்டன் ஹால் மாளிகைக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு காலத்தில் உண்மையாகவே ‘ஃபினிஷிங் ஸ்கூல்’ நடந்த இடம் அது. வசதியான வீட்டுப் பெண்களைக் கல்யாணச் சந்தைக்குத் தயார்செய்யும் பள்ளிகளுக்கு அந்தப் பெயர். அங்கே சில வாரங்கள் 1950-களின் பாணியில் சமையல், பூ அலங்காரம், நடை, உச்சரிப்பு, விருந்து உபசாரம் என்று பயிற்சி நடக்கிறது. வாரக் கடைசியில் ஆசிரியைகள் கூடி ஒருத்தியை வெளியேற்றுகிறார்கள். எஞ்சுபவர்களில் ஒருத்தி ‘லேடி’ ஆகிறாள். தயாரித்தது ஆர்டிஎஃப் மீடியா, ‘ஒய்ஃப் ஸ்வாப்’ என்ற ரியாலிட்டி தொடரை எடுத்த அதே நிறுவனம். தொடர் பல பருவங்கள் ஓடியது. பிறகு ஆஸ்திரேலியப் பெண்களை வைத்தும் எடுத்தார்கள்.

இது மேட்டுக்குடித் திமிர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். அந்தத் தீர்ப்பு எனக்குப் போதவில்லை, ஏனென்றால் தொடருக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வாதம் ஒன்று வலுவானது. எந்தக் கரண்டியை எப்போது எடுப்பது, யாருக்கு யாரை முதலில் அறிமுகம் செய்வது என்பவை எங்கும் எழுதிவைக்கப்படாத விதிகள். பணக்கார வீட்டில் பிறந்தவர்களுக்கு அவை பாலோடு ஊட்டப்படுகின்றன. மற்றவர்கள் பள்ளியில் படித்துத் தேர்ந்து, வேலைக்கும் வந்து, அந்த விதி தெரியாத ஒரே காரணத்தால் ஒரு விருந்து மேசையில் அந்நியராகிப் போகிறார்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ 1979-இல் வெளியிட்ட ‘டிஸ்டிங்ஷன்’ நூல் முழுக்க இந்தக் கண்ணுக்குத் தெரியாத மூலதனத்தைப் பற்றியதுதான். அந்த மூலதனத்தை, அது மறுக்கப்பட்ட பெண்களுக்கு இலவசமாகத் தருகிறோம் என்று நிகழ்ச்சி வாதாடினால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பாடம் சொல்பவர்களும் சாமானியர்கள் இல்லை. ஜீன் புரோக்-ஸ்மித், லண்டனின் புகழ்பெற்ற லூசி கிளேட்டன் பள்ளிக்குத் தலைமை வகித்தவர். லிஸ் புரூவர் மேல்தட்டு விருந்துகளை ஏற்பாடு செய்வதையே தொழிலாகக் கொண்டவர்.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் சாவி எந்தக் கதவைத் திறக்கிறது என்பது. இங்கேதான் அந்த வாதம் ஆட்டம் காண்கிறது. பிரிட்டிஷ் உயர்குடிப் பெண்களை அரண்மனையில் மகாராணி முன் நிறுத்தி அறிமுகம் செய்யும் வழக்கம் 1958-உடன் முடிந்துவிட்டது. ஃபினிஷிங் ஸ்கூல்கள் எந்தச் சந்தைக்காகப் பெண்களைத் தயார்செய்தனவோ அந்தச் சந்தையின் வாசல் அப்போதே மூடத் தொடங்கிவிட்டது. 2005-இன் பெண்ணுக்குத் தேவைப்படுவது நேர்காணலில் தடுமாறாமல் பேசுவது, சம்பளத்தைக் கேட்டு வாங்குவது, அலுவலகக் கூட்டத்தில் தன் கருத்தை நிறுவுவது. எகில்ஸ்டன் பாடத்திட்டத்தில் இவற்றுக்கு மைய இடம் இல்லை. பயின்றதைச் சோதிக்க விருந்து வைக்கிறார்கள். விருந்தாளிகளில் முக்கியமானவர்கள் நல்ல குடும்பத்துத் திருமணமாகாத வாலிபர்கள். அந்தப் பெண் தேறினாளா என்பதை அவர்களுடைய ரசனையும் சேர்ந்தே சொல்கிறது. அவர்கள் குடித்துவிட்டு உளறினால் அதற்கு மதிப்பெண் குறைப்பவர் யாருமில்லை.

பிரிட்டிஷ் மேசை ஒழுங்கில் சூப் குடிக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கரண்டியைத் தன் பக்கம் இழுக்காமல் எதிர்ப்பக்கமாகத் தள்ளி அள்ள வேண்டும். கடைசித் துளிக்காகக் கிண்ணத்தைச் சாய்த்தால் அதையும் எதிர்ப்பக்கமாகவே சாய்க்க வேண்டும். மடியில் சிந்தாமல் இருக்கத்தான் என்று காரணம் சொல்வார்கள், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. பட்டாணியை முள்கரண்டியின் குழிவில் அள்ளாமல் கவிழ்த்த முதுகின்மேல் நசுக்கி ஏற்றும் வழக்கத்துக்கோ அந்தக் காரணமும் கிடையாது. அது இன்னொரு மனிதரின் வசதிக்காக ஏற்பட்டதில்லை. உள்ளே இருப்பவரையும் வெளியே இருந்து வந்தவரையும் பிரித்துக் காட்ட மட்டுமே அது பயன்படுகிறது. பக்கத்தில் இருப்பவர் சாப்பிடத் தொடங்கும்வரை காத்திருப்பதும், பேசாமல் ஒதுங்கியிருக்கும் விருந்தாளியைப் பேச்சுக்குள் இழுப்பதும் வேறு வகை. இவை இன்னொருவரை மனத்தில் வைத்துப் பிறந்தவை. தொடர் இந்த இரண்டு வகையையும் ஒரே தட்டில் வைத்து, ஒரே மதிப்பெண் போடுகிறது. சாதியடையாளத்துக்கு நிகரான ஒன்றைப் பண்பு என்ற பெயரில் கற்பிப்பது சின்னப் பிழை இல்லை. அதைக் கற்காதவள் அறியாதவள் என்று நிற்காமல் பண்பற்றவள் என்று ஆகிவிடுகிறாளே!

இதில் ஓர் இடத்தை விலக்கிச் சொல்ல வேண்டும். சமையல் கற்பிக்கும் ஆசிரியை ரோஸ்மேரி ஷ்ரேகரின் சமையலறை. அவர் கண்டிப்பானவர், குரல் உயர்த்துபவர். ஆனால் அவருடைய பாடத்தில் சரி, தவறு இரண்டும் பாத்திரத்துக்குள்ளேயே தெரிந்துவிடுகின்றன. மாவு உப்பியதா, சாஸ் திரிந்ததா என்பதற்கு வம்சாவளி தேவையில்லை. நேரத்துக்கு அத்தனை பேருக்கும் சூடாகச் சாப்பாடு போக வேண்டும் என்றால் பெண்கள் எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்து வேலை செய்தாக வேண்டும். அங்கே அவர்களுடைய முகம் மாறுவதைக் கேமரா பிடித்திருக்கிறது. கவனம் கூடுகிறது, வெட்கம் குறைகிறது, தான் செய்த பண்டத்தை மேசைக்கு அனுப்பும்போது தோள் நிமிர்கிறது. தலையில் புத்தகம் வைத்து நடக்கச் சொன்ன வகுப்பில் வராத நிமிர்வு அது. தங்களிடம் இத்தனை பொறுமையாக ஒரு தொழிலைக் கற்பிக்க யாரும் முன்பு மெனக்கெட்டதில்லை என்ற எண்ணம் அந்தப் பெண்கள் சிலரிடம் இருப்பது பார்ப்பவருக்குப் புரியும். நிகழ்ச்சியின் உண்மையான பலம் இதுதான்.

பலவீனமோ அதன் எலும்பிலேயே இருக்கிறது. அதைக் காண ஒரு பழைய நூலிலிருந்து தொடங்க வேண்டும். ஐரோப்பாவில் நடத்தை நூல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1530-இல் டச்சு அறிஞர் எராஸ்மஸ் சிறுவர்களுக்காக எழுதிய சிறு கையேடு. பர்கண்டியின் ஹென்றி என்ற பிரபு வீட்டுச் சிறுவனுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மூக்கைச் சிந்துவது முதல் மேசையில் கை வைக்கும் இடம் வரை அதில் எல்லாம் உண்டு. அத்தனையும் சொல்லி முடித்த பிறகு, பிறர் தவறுவதைப் பெரிதுபடுத்தாமல் விடுவதையே நாகரிகத்தின் பெரும்பகுதியாக எராஸ்மஸ் வைக்கிறார். தெரியாமல் பிழை செய்யும் தோழனைத் தனியே அழைத்து இதமாகச் சொல் என்கிறார். இந்தத் துறையின் ஆதி நூல்களில் ஒன்று வைத்த விதியே இது. வெளியிலிருந்து நான் கொண்டுவந்து திணித்த அளவுகோல் இல்லை.

‘லேடெட் டு லேடி’யின் ஒவ்வொரு அத்தியாயமும் இந்த விதியை மீறித்தான் முடிகிறது. பெண்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். தலைமை ஆசிரியை ஜில் ஹார்பர்ட் குறைகளைச் சொல்கிறார். ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். தனியே, இதமாக என்ற இரண்டுமே இல்லை. பிழை நடந்தது ஓர் அறையில், பார்த்தவர்கள் நாடு முழுக்க. அதைவிடக் கடுமையானது, பிழை நடக்க வேண்டும் என்று தொடரே காத்திருப்பது. மது அருந்தினால் நிலை தடுமாறுபவர் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த பெண்ணை மது பரிமாறும் விருந்தில் நிறுத்திவிட்டு, அவள் தடுமாறுவதைப் படம் எடுக்கிறார்கள். ஒரு விருந்தில் இதை யாராவது ஒரு விருந்தாளிக்குச் செய்தால் அந்த வீட்டுக்காரரை என்ன சொல்வோம்? வெளியேற்றம் இல்லாவிட்டால் பார்வையாளர் வரமாட்டார் என்பது தயாரிப்பாளரின் கவலை. அது புரிகிறது. ஆனால் அந்தக் கவலைக்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்.

அதே ஐடிவி, அதே காலத்தில், இளைஞர்களுக்காக ‘பேட் லேட்ஸ் ஆர்மி’ என்ற தொடரை ஒளிபரப்பியது. 1950-களின் கட்டாய ராணுவப் பயிற்சியை மறுபடி அரங்கேற்றி, சில்லறைக் குற்றங்களில் சிக்கிய பையன்களை அதில் போட்டுத் திருத்துவது அதன் கதை. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. பையன்கள் 1950-களுக்குத் திருப்பி அனுப்பப்படுவது திருட்டுக்கும் அடிதடிக்கும். பெண்கள் அனுப்பப்படுவது குடித்ததற்கும், சத்தமாகச் சிரித்ததற்கும், அரைகுறை உடையில் ஆடியதற்கும். இந்தத் தராசில் பெண்ணின் உல்லாசமும் ஆணின் குற்றமும் ஒரே எடை. அன்றைய டோனி பிளேர் அரசும் ‘மரியாதை’ என்ற முழக்கத்தோடு தெருக் கட்டுப்பாட்டைப் பேசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று திரைக்குள்ளும் வீசியிருக்கிறது.

பெவர்லி ஸ்கெக்ஸ், ஹெலன் வுட் என்ற இரு ஆய்வாளர்கள் தெற்கு லண்டன் பெண்களோடு உட்கார்ந்து ரியாலிட்டி நிகழ்ச்சிகளைப் பார்த்து, 2012-இல் ஒரு நூல் எழுதினார்கள். உழைக்கும் வர்க்கப் பெண்கள் திரையில் இருப்பவரின் இடத்தில் தங்களை வைத்துப் பார்த்தார்கள் என்பது அதில் முக்கியமான ஒரு செய்தி. ஆகவே எகில்ஸ்டனில் ஒருத்தி அவமானப்படும்போது அது அவளோடு நின்றுவிடுவதில்லை.

என் தீர்ப்பு இதுதான்: சமையலறைப் பாடத்தில் தேறிய தொடர், மரியாதைப் பாடத்தில் தோற்றது. தோற்றதற்குக் காரணம் ஆசிரியைகளின் பழமை இல்லை, வெளியேற்றும் அமைப்பு. வேறு அமைப்பு சாத்தியமா என்றால், 2022-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘மைண்ட் யுவர் மேனர்ஸ்’ ஒரு பதில். பெய்ஜிங்கில் நடத்தைப் பள்ளி தொடங்கிய சாரா ஜேன் ஹோ, ஆறு அத்தியாயங்களில் ஒவ்வொருவராகச் சந்திக்கிறார். போட்டி இல்லை, வெளியேற்றம் இல்லை. பிழையைவிட அதற்குப் பின்னால் இருக்கும் கூச்சத்தையும் கோபத்தையும் பேசவைப்பதில் அவருக்கு அக்கறை அதிகம். எராஸ்மஸின் ‘இதமாக’ அங்கே ஓரளவு நிறைவேறுகிறது. ‘தனியே’ என்பது அங்கும் இல்லை, கேமரா இருக்கும்வரை இருக்கவும் முடியாது. புது உடை, புதுத் தோற்றம் என்று முடிப்பதில் அது பழைய மேக்ஓவர் வழக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. மனம்விட்டுப் பேசிய பெண்ணுக்கு அந்தப் பேச்சே போதுமான முடிவாக இருந்திருக்கும். அதற்குமேல் ஒரு கவுன் எதற்கு என்று அந்தத் தொடரைப் பார்க்கும்போது கேட்கத் தோன்றுகிறது.